மார்க்கியின் புத்தகம்

ஜார்களின் ரஷ்யா – 23

1839 ஜூலையில் குரோன்ஸ்தாத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிரெஞ்சுப் பிரபு ஒருவருக்கு ஜார் முதலாம் நிக்கலாய் காட்டிய உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. மகள் மரியாவின் திருமண விழாவுக்கு அழைப்பு, பீட்டர்ஹாஃப் கொண்டாட்டத்தில் இடம், ஜாருடனும் ராணியுடனும் நேர்ப்பேச்சு, நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியபோது வழித்துணைக்கு அரசாங்க ஆள். வந்தவர் பெயர் மார்க்கி அஸ்தோல்ஃப் த குஸ்தீன். வயது 49. பாட்டனார் தளபதி, தந்தை ராஜதந்திரி, பிரெஞ்சுப் புரட்சி இருவர் தலையையும் கில்லட்டினில் வாங்கிவிட்டது. குடியரசு, நாடாளுமன்றம் என்ற பேச்செல்லாம் குஸ்தீனுக்கு ஆகாது. இப்படிப்பட்ட ஒருவர் ரஷ்ய முடியாட்சியை நேரில் பார்த்தால் மெய்சிலிர்த்து எழுதுவார் என்று அரண்மனை கணக்குப் போட்டது. குஸ்தீனும் ஏறக்குறைய அந்த எண்ணத்தில்தான் கப்பல் ஏறினார். மக்கள் பிரதிநிதிகளின் ஆட்சிக்கு எதிராக வாதங்கள் திரட்டப் போனேன், திரும்பும்போது அரசியல் சட்டத்தின் ஆதரவாளனாகிவிட்டேன் என்று பிறகு அவரே எழுதினார்.

மூன்று மாதம்கூட முழுதாகத் தங்கவில்லை. பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, யாரொஸ்லாவ்ல், நீழ்னி நோவ்கொரத் சந்தை என்று ஓர் ஓட்டம். ரஷ்ய மொழி தெரியாது. பேசியதெல்லாம் பிரெஞ்சு பேசும் மேல்தட்டோடு. எழுதிய குறிப்புகளைச் சோதனையில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒளித்து ஒளித்து வைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 1843 மே மாதம், பாரிஸில் ‘1839-இல் ரஷ்யா’ நான்கு தொகுதிகளாக வெளிவந்தது.

நூல் சொன்னது இதுதான்: ரஷ்யாவில் நாகரிகம் என்பது முகப்பு மட்டுமே, உள்ளே ஒன்றுமில்லை. ஜார் முதல் பண்ணையடிமை வரை எல்லோரும் பயந்து நடிக்கிறார்கள். பொய் சொல்வது அங்கே மரியாதை, உண்மை சொல்வது ராஜதுரோகம். 1837 டிசம்பரில் தீக்கிரையான குளிர்கால அரண்மனையை ஓராண்டு சொச்சத்தில் மீண்டும் எழுப்பியதை ஜாரின் சாதனை என்று உலகம் வியந்துகொண்டிருந்தது. வெளியே உறைபனியும் உள்ளே சுவர் உலர்வதற்காக மூட்டிய கடும் சூடுமாக வேலை செய்த ஆட்கள் எத்தனை பேர் மாண்டார்கள் தெரியுமா என்று குஸ்தீன் கேட்டார். ஜார் தம்மிடம் மனம்விட்டுப் பேசியவற்றையும் விடாமல் அச்சேற்றியிருந்தார். நிக்கலாய் புத்தகத்தைப் படித்துத் தரையில் வீசினார், இந்த ஆளிடம் போய்ப் பேசியது என் தப்பு என்று கத்தினார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, நூலுக்கு ரஷ்யாவில் உடனே தடை விழுந்தது. தடை விழுந்ததும் படித்தவர் வீடுகளில் அது இல்லாத வீடு தேட வேண்டியதாயிற்று.

ரஷ்யர்கள் விமர்சனம் தாங்காதவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களை நான் நம்புவதில்லை. குஸ்தீன் சொன்னதைவிடக் கடுமையாகத் தங்கள் நாட்டைப் பற்றிச் சொன்னவர்கள் ரஷ்யர்களே. அதை அவர்கள் எங்கே சொன்னார்கள், சொன்னபின் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் 1843-இன் ஆத்திரம் புரியும். அதற்கு எழுபது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

வெளியார் விமர்சனத்துக்கு ரஷ்ய அரசு எழுதிய முதல் பெரிய மறுப்பு இரண்டாம் கேதரினுடையது. பாதிரியும் வானியலாளருமான ஷாப் தோத்ரோஷ் என்ற பிரெஞ்சுக்காரர் 1761-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க சைபீரியாவின் தோபோல்ஸ்க் நகருக்குப் போனார். வானத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல் ஊரையும் பார்த்தார். 1768-இல் அவர் வெளியிட்ட பயண நூல் அடிமைத்தனம், சவுக்கடித் தண்டனை, மக்களின் அறியாமை என்று ஒன்றையும் விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், ரஷ்யா ஓர் ஐரோப்பிய நாடு என்று அறிவித்துச் சட்டச் சீர்திருத்தத்துக்கான வழிகாட்டுதல்களை கேதரின் வெளியிட்டிருந்தார். வால்தேருடன் கடிதப் போக்குவரத்து வேறு நடந்துகொண்டிருந்தது. நேரம் பார்த்து வந்த அடி. 1770-இல் ‘மாற்று மருந்து’ என்ற பொருள்படும் தலைப்பில், ஆசிரியர் பெயரில்லாமல், பிரெஞ்சு மொழியில் வரிக்கு வரி மறுப்பு வந்தது. எழுதியவர் ராணியே என்று அன்றே பேசிக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக் கடப்பைப் பார்க்கப் போன ஷாப், மறுப்பு வருவதற்கு முந்தைய ஆண்டே மெக்சிகோவின் கலிஃபோர்னியாத் தீபகற்பத்தில் நோயில் இறந்திருந்தார். ஆக, மருந்து வந்தபோது நோயாளி இல்லை. ரஷ்யாவின் மானம் காக்க இப்படி வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர் ஷ்டெட்டினில் பிறந்த ஜெர்மன் இளவரசி என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அரசின் எரிச்சல் இப்படி. குடிமக்களின் எரிச்சல் வேறு மாதிரி, அதன் ஆழம் புஷ்கினிடம் தெரிகிறது.

1826 மே மாதம். மிகைலோவ்ஸ்கோயே பண்ணையை விட்டு நகரக் கூடாதென்ற தண்டனையில் புஷ்கின் இருந்த காலம். நண்பர் வியாஸெம்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், தாய்நாட்டைத் தலைமுதல் கால்வரை வெறுக்கிறேன், ஆனால் ஓர் அந்நியன் என்னோடு சேர்ந்து வெறுத்தால் எனக்குப் பொறுக்கவில்லை என்கிறார். கோபத்திலும் பெருமிதத்திலும் இந்த வாக்கியத்தை அடிக்கடி எடுத்தாள்வார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடுவார்கள். கடிதம் நிற்கவில்லை. சங்கிலியில் கட்டப்படாத நீ எப்படி ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கிறாய், ஜார் எனக்கு விடுதலை தந்தால் ஒரு மாதம்கூட இங்கே இருக்க மாட்டேன் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். வெறுக்கும் உரிமை தமக்கு உண்டு, ஏனென்றால் வெளியேற வழியில்லை. அந்நியனோ கப்பலேறிப் போய்விடுவான். புஷ்கினுக்கு வெளிநாடு போக அனுமதி கடைசிவரை கிடைக்கவில்லை. 1829-இல் துருக்கிப் போரின்போது தெற்கே படைகளோடு போனவர், எல்லை ஆறான அர்பசாயைக் குதிரையில் உற்சாகமாகக் கடந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ரஷ்யாவை விட்டு வெளியேறிவிட்டோம் என்ற மகிழ்ச்சி. அக்கரையும் அதற்குள் ரஷ்யப் படை பிடித்த நிலமாகிவிட்டிருந்தது.

இதே புஷ்கின் 1831-இல் செய்ததை அவருடைய ரசிகர்கள் இன்றும் சங்கடத்தோடுதான் பேசுவார்கள். 1830 நவம்பரில் வார்சாவில் போலந்துக்காரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்தில் லஃபாயெத் உள்ளிட்ட சிலர் போலந்துக்காகத் தலையிட வேண்டுமென்று முழங்கினார்கள். புஷ்கின் ‘ரஷ்யாவை அவதூறு செய்வோருக்கு’ என்ற கவிதையை எழுதினார். இது ஸ்லாவியர்களின் வீட்டுச் சண்டை, உங்களுக்கு என்ன வேலை என்பது அதன் சாரம். வார்சா வீழ்ந்ததும் அக்கவிதையும் கவிஞர் ஷூக்கோவ்ஸ்கியின் கவிதையுமாகச் சிறு நூல் ஒன்று வெளிவந்தது, அரண்மனைக்கு ஆனந்தம். இந்தத் தடவை எரிச்சல் அடைந்தவர் அந்தப் பழைய கடிதத்தைப் பெற்ற வியாஸெம்ஸ்கி. ஐரோப்பா நம்மை எதற்காக நேசிக்க வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் கேட்டார். நிலப்பரப்பைச் சொல்லி மார்தட்டுவதில் என்ன இருக்கிறது, ஒரு சிந்தனையிலிருந்து அடுத்த சிந்தனைக்குப் போக ஆயிரக்கணக்கான மைல் கடக்க வேண்டிய நாடல்லவா நம்முடையது என்று குமுறினார். குறிப்பேட்டில்தான். அச்சில் அல்ல. கவிதைக்கு அச்சகம் திறந்திருந்தது, அதற்கான பதிலுக்கு மேசை இழுப்பறைதான்.

பிறகு 1836. அந்த ஒரே ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஏப்ரலில் பீட்டர்ஸ்பர்க் அலெக்ஸாந்திரின்ஸ்கி அரங்கில் கோகோலின் ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ முதன்முறையாக மேடையேறியது. ஒரு மாகாண ஊரின் அதிகாரிகள் அத்தனை பேரும் லஞ்சப் பேர்வழிகள்; தலைநகரிலிருந்து யாரோ பார்வையிட வருகிறார் என்றதும் நடுங்குகிறார்கள். ஜார் நேரில் வந்து பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். எல்லோருக்கும் உதை கிடைத்தது, எல்லோரையும்விட எனக்கு அதிகம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அனுமதி கொடுத்தவரே சிரிக்கும்போது ஆபத்தில்லை.

இலையுதிர்காலத்தில் மாஸ்கோவின் ‘தெலஸ்கோப்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பியோத்தர் சாதாயெவ். 1812-இல் நெப்போலியனுக்கு எதிராகப் போரதினோவில் போரிட்டவர், புஷ்கினின் இளமைக்கால வழிகாட்டி. 1829-இல் ஒரு பெண்மணிக்குப் பிரெஞ்சில் எழுதிய கடிதத்தின் மொழிபெயர்ப்பு அது. எழுதிய ஊரைப் பிணங்களின் நகரம் என்று கையொப்பத்தின் கீழ் குறித்திருந்தார். மாஸ்கோவைத்தான் அப்படிச் சொன்னார். ரஷ்யா கிழக்குமல்ல, மேற்குமல்ல. மனித குலத்துக்கு ஒரு கருத்தைக்கூடத் தந்ததில்லை. எப்படி இருக்கக் கூடாது என்று உலகத்துக்குப் பாடம் காட்டுவதற்காகவே இருக்கிறது போலும் என்கிறது கட்டுரை. குஸ்தீன் இந்த அளவுக்குப் போகவில்லை.

ஜார் சிரிக்கவில்லை. கட்டுரையைப் பைத்தியக்காரனின் பிதற்றல் என்று முடிவு கட்டினார். அந்த முடிவே அரசாணையாயிற்று. சாதாயெவ் அதிகாரபூர்வமாகப் பைத்தியம். வீட்டுக்காவல்; நாள்தோறும் மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இதழ் மூடப்பட்டது. ஆசிரியர் நதேழ்தின் வடக்கே உஸ்த்-சிஸோல்ஸ்க் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். அச்சிட அனுமதித்த தணிக்கையாளர் பல்கலைக்கழகத்தின் ரெக்டரும்கூட. அவருடைய வேலையும் போயிற்று. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னோர் உத்தரவு: அந்தக் கட்டுரையை ஆதரித்து மட்டுமல்ல, மறுத்தும் எவரும் எதுவும் அச்சிடக் கூடாது. ரஷ்யாவின் கடந்த காலம் வியப்புக்குரியது, நிகழ்காலம் மகத்தானது, எதிர்காலமோ கற்பனைக்கே எட்டாதது, ரஷ்ய வரலாற்றை அந்தக் கோணத்தில் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று ரகசியப் போலீஸ் தலைவர் பென்கெந்தோர்ஃப் சொன்னதாக வழங்குவதும் இந்தச் சமயத்தில்தான்.

அச்சேறாமல் போன மறுப்புகளில் ஒன்று புஷ்கினுடையது. அக்டோபர் 19 தேதியிட்டு அவர் சாதாயெவுக்கு ஒரு கடிதம் எழுதினார், அதுவும் பிரெஞ்சில். நம் சமூகத்தைப் பற்றி நீ சொன்னதில் பெரும்பகுதி சரிதான், பொதுக்கருத்தே இல்லாத இடம் இது என்று ஒத்துக்கொள்கிறார். சுற்றிலும் பார்ப்பதை நான் ஒன்றும் மெச்சவில்லை என்கிறார். ஆனால் வரலாறு இல்லாதவர்களா நாம் என்று கேட்டு, பண்டைய இளவரசர் ஒலெக்கின் போர்கள் முதல் வரிசையாக எடுத்துவைக்கிறார். நம் மூதாதையருக்குக் கடவுள் தந்த வரலாற்றைத் தவிர வேறொன்றை எனக்குத் தந்தாலும் வேண்டேன் என்று சத்தியம் செய்கிறார். வெளியாருக்கு எழுதிய கவிதையில் இல்லாத நிதானம், தன்னவனுக்கு எழுதிய இந்தக் கடிதத்தில் இருக்கிறது. சாதாயெவ் தண்டிக்கப்பட்ட செய்தி வந்ததும் புஷ்கின் கடிதத்தை அனுப்பவில்லை. மாட்டிக்கொண்டவனோடு தர்க்கம் செய்வது அவருக்கு அழகாகப் படவில்லை. மூன்று மாதத்தில் துவந்த யுத்தத்தில் புஷ்கின் செத்துப்போனார்.

சாதாயெவின் கதை மூன்றாண்டு கழித்து மாஸ்கோ வந்த குஸ்தீன் காதில் விழுந்தது. பெயர் சொல்லாமல் அவர் தம் நூலில் அதை எழுதினார். உள்ளே பைத்தியம் என்று அடைக்கப்பட்ட பேச்சு, பாரிஸ் அச்சகத்தின் வழியாக ஐரோப்பா முழுக்கக் கேட்டது.

இனி 1843-க்கே வருவோம். நூலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் அரசு சொன்னதாகத் தெரியக் கூடாது. வேலை மூன்றாம் பிரிவு எனப்பட்ட ரகசியப் போலீசின் தலையில் விழுந்தது. வெளியுறவுத் துறை அதிகாரி லபேன்ஸ்கி, ‘ஒரு ரஷ்யர்’ என்ற போர்வையில் பாரிஸில் ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். இருப்பவற்றில் ஓரளவு கண்ணியமானது இதுதான். பாரிஸில் மூன்றாம் பிரிவின் ஆளாகவே இருந்த யாக்கவ் தல்ஸ்தோய் இன்னொன்று எழுதினார் (நாம் அறிந்த நாவலாசிரியரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ‘வடதேசத் தேனீ’ பத்திரிகையின் கிரேச், பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வந்த தம் மறுப்பில் குஸ்தீனின் பிழைகளைப் பட்டியல் போட்டார். பிழைகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அரசு சொல்லித்தான் எழுதினார் என்ற பேச்சு வெளியே கசிந்தது. மறுப்பின் மதிப்பு அதோடு போயிற்று. அந்த வேளையில் காதலி ஹான்ஸ்காவைப் பார்க்க பீட்டர்ஸ்பர்க் கிளம்பிக்கொண்டிருந்த பால்சாக்கை எழுத வைக்கலாமா என்றுகூட ரஷ்யத் தூதரகத்தில் ஒரு யோசனை ஓடியது. பால்சாக் வந்தார், போனார், காரியம் நடக்கவில்லை. குஸ்தீனின் அனுபவத்துக்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் என்றாலே அரண்மனை முகம் கொடுக்கவில்லை.

வியாஸெம்ஸ்கியும் ஒரு மறுப்பு எழுதத் தொடங்கினார். ஆம், குறிப்பேட்டில் குமுறிய அதே வியாஸெம்ஸ்கி. அந்நியன் சொன்னதும் அவருக்கும் பொறுக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டார். கிரேச்சோடு ஒரே வரிசையில் நிற்க மனம் ஒப்பவில்லை என்றே நான் நினைக்கிறேன். கவிஞர் தியூத்செவ் 1844-இல் ஜெர்மன் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். குஸ்தீனைவிட அவருக்கு எரிச்சல் மூட்டியவர்கள் ரஷ்யாவின் வக்கீல்கள். மோன் பிளாங் சிகரத்துக்கு வெயில் பட்டுவிடப் போகிறதே என்று அவசரமாகக் குடை விரிப்பவர்கள் போலிருக்கிறார்கள் என்று அவர்களைக் கிண்டல் செய்தார். சிகரம் தானே நிற்கும் என்ற இறுமாப்பு அதில் உண்டு.

இத்தனை பதில்களும் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வந்தவை; பாரிஸையும் ஜெர்மன் நகரங்களையும் பார்த்துப் பேசியவை. குஸ்தீன் சொல்வது சரியா தவறா என்று ரஷ்யாவுக்குள் ரஷ்ய மொழியில் ஒரு பத்திரிகை விவாதிக்க இடமில்லை. பண்ணையடிமைகளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது குஸ்தீனுக்கும்தான் தோன்றவில்லை. நாட்டுக்காகப் புண்படும் உரிமையை அரசே குத்தகை எடுத்துக்கொண்டிருந்தது. உண்மையிலேயே மனம் புண்பட்டவர்கள் வாயைத் திறந்தால் போலீசின் குரலாகத் தெரிவார்கள், திறக்காவிட்டால் குஸ்தீன் சொன்னதை ஒப்புக்கொண்டவர்களாவார்கள். இந்த இக்கட்டை அந்நியன் உண்டாக்கவில்லை.

மாஸ்கோவில் அந்தப் புத்தகத்தைப் படித்த அலெக்ஸாந்தர் கெர்ட்சன், ரஷ்யாவைப் பற்றி அந்நியர் எழுதியவற்றில் இதுதான் மிகச் சுவையானதும் புத்திசாலித்தனமானதும் என்று நாட்குறிப்பில் பாராட்டினார். பிழைகளும் மேலோட்டமும் அவர் கண்ணில் படாமலில்லை. இரண்டு முறை நாடு கடத்தலை அனுபவித்தவர். ஜாராட்சி பற்றி அவருக்கு குஸ்தீன் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1847-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். திரும்பவே இல்லை.

அப்படிப்பட்டவரே ஒருநாள் ரஷ்யாவுக்காக எழுந்து நிற்க நேர்ந்தது. 1851-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லே, போலந்தின் வீரர் கொஷ்யூஷ்கோவைப் போற்றி எழுதும்போது ரஷ்ய மக்களுக்கு அறவுணர்வே கிடையாது, அவர்கள் முழு மனிதர்களே அல்லர் என்ற ரீதியில் எழுதிவிட்டார். மிஷ்லே கெர்ட்சன் மதித்த மனிதர், ஜனநாயகவாதி. கெர்ட்சன் அவருக்கு நீண்ட பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜாராட்சியைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி, இன்னும் சேர்த்துச் சொல்ல என்னிடம் உண்டு. ஆனால் அந்த ஆட்சியின் கீழ் நசுங்கிக் கிடக்கும் விவசாயியை எந்தக் கணக்கில் ஆட்சியோடு சேர்த்தீர்கள்? எங்கள் இலக்கியத்தைப் படித்திருக்கிறீர்களா, அது முழுக்கவே ஒரு குற்றப்பத்திரிகை அல்லவா? இந்த வகையில் போகிறது அவர் வாதம். கிராமக் கூட்டுடைமை பற்றி அவர் அதில் கட்டிய கனவுகள் பலிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் வெளியார் விமர்சனத்துக்கு ரஷ்யர் ஒருவர் எழுதிய பதில்களில் எனக்குப் பிடித்தது இதுவே. குஸ்தீனையும் மிஷ்லேயையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. அரசைத் திட்டியவரிடம் அவருக்குச் சண்டை இல்லை. மக்களைத் திட்டியவரிடம்தான் சண்டை. இதை எழுத அவர் நாட்டை இழக்க வேண்டியிருந்தது.

கிரேச்சின் பட்டியல் மறுக்க முயன்றதைக் கிரிமியப் போர் சோதித்துப் பார்த்தது. 1855 தொடக்கத்தில் நிக்கலாய் இறந்தார். அந்த செப்டம்பரில், பதினொரு மாத முற்றுகைக்குப் பிறகு, செவஸ்தபோல் வீழ்ந்தது. ஐரோப்பாவின் மிகப்பெரிய தரைப்படை வைத்திருந்த நாடு, தன் மண்ணிலேயே தோற்றது. அதே ஆண்டில் கூர்லாந்து மாகாண ஆளுநர் பியோத்தர் வலூயெவ் ‘ஒரு ரஷ்யனின் சிந்தனை’ என்று ஓர் அறிக்கை எழுதினார். மேலே பளபளப்பு, உள்ளே அழுகல். அலுவலகங்களின் ஆண்டறிக்கைகளில் உண்மையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கும் அதிகாரபூர்வமான பொய் என்று அவர் அடுக்கினார். குஸ்தீனின் பக்கங்களைக் கிழித்து இதில் ஒட்டினால் தையல் தெரியாது. கையெழுத்துப் பிரதியாகவே அறிக்கை கைக்குக் கை மாறியது. புதிய ஜாரின் தம்பியும் கடற்படைத் தலைவருமான கான்ஸ்தாந்தின் அதைப் பாராட்டித் தம் துறை அதிகாரிகளுக்கு எடுத்துக்காட்டாக அனுப்பினார். வலூயெவுக்குப் பைத்தியப் பட்டம் கிடைக்கவில்லை, மருத்துவரும் வரவில்லை.

1861-இல் அவர் உள்துறை அமைச்சரானார். சில ஆண்டுகளில் தணிக்கைத் துறையும் அவருடைய அமைச்சின் கீழ் வந்தது. 1863-இல் போலந்து மறுபடியும் கிளர்ந்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் மறுபடியும் ரஷ்யாவைச் சாடின. அந்த ஆண்டு ஜூலையில், உக்ரைனிய மொழி என்று தனியே ஒன்று இருந்ததுமில்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை எடுத்துக்காட்டி, அம்மொழியில் பாடநூல்களும் சமய நூல்களும் அச்சிடுவதை நிறுத்தும் சுற்றறிக்கை ஒன்று உள்துறையிலிருந்து கிளம்பியது. கையெழுத்து: வலூயெவ். கீவ் தணிக்கை அலுவலகத்தில் அது என்ன செய்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)